லச்சு என்ற ஃபோல்டர்

உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்கு வைரஸ் காரணமில்லை, தூசிதான். பின்மூடியைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். இங்கே புனேயில் போபோடியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்கிறீர்கள், ஆனாலும் உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது. மராத்தி போலீஸ் அதிகாரியிடம் இதைச் சொல்வதென்றால் எனக்குச் சிரமமாக இருந்திருக்கும்.

ரஞ்சன்காவ் தொழிற்சாலை விபத்தைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் ப்ரெஸ் மெஷின்களுக்கு எங்கள் கம்பெனி மென்பொருள் எழுதித் தருகிறது. தொண்ணூறுகளில் நான் சேர்ந்தபோது அதன் லைப்ரரிகளை, அதாவது எல்லா புரோகிராம்களும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவான பகுதிகளை, நான்தான் எழுதினேன். அவற்றை மெஷினில் ஓடும் வடிவத்துக்கு மாற்றி, அதாவது பில்ட் செய்து, பேக்கேஜ் ஆக்குவதும் என் மேஜைக்கடியில் இருந்த மெஷினில்தான். அதில் என் ஃபோல்டருக்கு லச்சு என்று பெயர். லக்ஷ்மிநாராயணன் என்று முழுதாக டைப் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? பில்ட் ஆகும்போது அந்த ஃபோல்டரின் விலாசம் ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் பதிந்துவிடும். எந்த மெஷினுக்குக் கொண்டுபோனாலும் அது தன் துணைப் பகுதிகளான லைப்ரரிகளை லச்சு என்ற ஃபோல்டரில்தான் தேடும். கிடைக்காவிட்டால் ஓடாது. அதனால் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அங்கே லச்சு என்று ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்துவிட்டு வருவோம். அதை ஒரு குறையாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் கோதை வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், வேலையில் கெட்டி. என் மனைவி ரமாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்தாள். "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

சொல்லு என்றேன்.

"பேக்கேஜ எந்த மெஷின்ல பில்ட் பண்ணுனாலும், எங்க கொண்டுபோயி வெச்சாலும் ஓடற மாதிரி பண்ணிரலாங்க சார். தான் இருக்கற எடத்துக்குப் பக்கத்துலயே தேடிக்கும். உங்க பேர்ல ஃபோல்டரே வேண்டாங்க. ரஞ்சன்காவ்ல அதப் பாத்துட்டு, 'யே லச்சு கோன் ஹை', யாரு இந்த லச்சுன்னு கேட்டுச் சிரிக்கறாங்க சார்."

அவளும் லேசாகச் சிரித்தாள். கெட்ட எண்ணம் கிடையாது. நானும் சிரித்தேன்.

அவள் அதைச் செய்துகாட்டினாள். வேறு மெஷினில் பில்ட் செய்து, இன்னொன்றில் வைத்து எல்லோர் முன்னாலும் ஓட்டினாள். எங்கள் மேனேஜர் பார்வே மீட்டிங்கில் எழுந்து, இனி யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை என்றார். என் பழைய மெஷினை ஸ்டோருக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

புதிய முறையில் முதல் பேக்கேஜ் ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். கடைசியாகச் சரிபார்க்க சிடி என்னிடம் வந்தது. பக்கத்திலேயே தேடு என்று அவள் எழுதியிருந்த இடத்தில் பழைய விலாசத்தைப் போட்டேன். ஒரே வரிதான். அங்கே போய் ஓடாமல் நிற்கும், அவள் என்னிடம் வந்து கேட்பாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஆனால் அது ஓடியது. லச்சு ஃபோல்டர் இன்னும் அங்கே இருந்தது, அதில் என் பழைய லைப்ரரியும் இருந்தது. பேக்கேஜோடு போன புதியதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொண்டது. ப்ரெஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஒளிக்கதிர் உண்டு. கை உள்ளே போனால் கதிர் மறையும், ப்ரெஸ் நின்றுவிடும். பழைய லைப்ரரி அதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனிக்கும். பழைய புரோகிராமின் மெதுவான ஓட்டத்தில் அது தெரியவில்லை, புதியது ப்ரெஸ்ஸை வேகமாக ஓட்டும். அந்தப் பிழையைப் புதியதில் நானே திருத்தியிருந்தேன்.

ப்ரெஸ்ஸில் நின்றவர் மாடசாமி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போய்விட்டன.

கோதையை ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்றாள். பார்க்காமல் இருந்தால் மனசு இன்னும் கஷ்டப்படும் என்று எடுத்துச் சொன்னேன். கட்டிலருகே நின்று, "என் பேக்கேஜ்தாங்க அண்ணா" என்று அழுதாள்.

"அழாதிய தாயி," என்றார் மாடசாமி. "நின்னுரும்னு நெனச்சேன். நிக்கல." கொஞ்சம் பொறுத்து, "மூக்குல அரிக்கி. சித்த சொறிஞ்சு விடுதியளா?" என்று கேட்டார். அவள் சொறிந்துவிட்டாள். நான் வெளியே போய் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தேன்.

விசாரணையில் என் கருத்தைக் கேட்டார்கள். சின்னப் பெண், அனுபவம் போதாது, கடுமையாக நடக்க வேண்டாம் என்றேன். அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது ரஞ்சன்காவிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். மாடசாமிக்கு மத்தியானச் சாதம் ஊட்டுவது அவள்தான். ரமா மாதாமாதம் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள். "அந்தப் பொண்ண அப்படியே விட்டுடாதீங்கோ, போய்ப் பாத்துட்டு வாங்கோ" என்பாள். நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பழைய மெஷின் ஸ்டோரிலிருந்து திரும்பி என் மேஜைக்கடிக்கே வந்துவிட்டது.

ஓடாமல் நிற்கும் என்று நினைத்ததாகக் கொஞ்சம் முன்னால் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. அந்த சிடி போவதற்கு முந்தின நாள் நான் ரஞ்சன்காவ் போயிருந்தேன். அன்றைய வேலை முடிந்ததும் அந்தப் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு வரும்படி கோதைதான் கேட்டுக்கொண்டாள். நான் அழிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அன்று மாடசாமி வேலை செய்வதை வெகுநேரம் நின்று பார்த்தேன். தமிழ் ஆள் என்று தெரிந்ததும் டீ வரவழைத்துக் கொடுத்தார். ப்ரெஸ் மேலே ஏறியதுமே, அது மறுபடி இறங்குவதற்குள் கையை விட்டுத் தகட்டை எடுக்கும் பழக்கம் அவருக்கு. நல்ல வேகம். பழைய லைப்ரரி எவ்வளவு தாமதிக்கும் என்பது எனக்குத் தெரியும், அவர் கை எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும் என்பதையும் பார்த்துக்கொண்டேன். பிறகு புனே திரும்பி அந்த வரியை மாற்றினேன். தெரிந்துதான் செய்தேன்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். கோதையிடம் மட்டும் சொல்ல வேண்டாம். எல்லாம் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு வாழ இப்போதுதான் கொஞ்சம் பழகியிருக்கிறாள். அவள் மனசைக் கஷ்டப்படுத்த எனக்கு இஷ்டமில்லை.