மூடிய கதவுக்குள் ஒரு மணி நேரம்

வந்தவர்: ...இல்ல சிஸ்டர், எனக்குப் புரியல. பெரியவரை இந்த முதியோர் இல்லத்துல சேர்க்கும்போதே படிவத்துல ‘மதம் இல்லை’ன்னு எழுதியாச்சு. அப்புறம் எதுக்கு அந்தம்மா தினமும் அவர் ரூமுக்குப் போறாங்க?

நர்ஸ்: யாரு, பிரார்த்தனைக்கும் பேச்சுத்துணைக்கும் வர்ற எங்க துணைக்காரம்மாவா? மெதுவா பேசுங்க சார், பக்கத்து ரூம்ல மத்தவங்க தூங்குறாங்க.

வந்தவர்: ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு என்ன, பிரார்த்தனையா, உபதேசமா? சாமின்னாலே எரிஞ்சு விழுறவர் அவர். படுத்துட்டார்ங்கறதுக்காக...

நர்ஸ்: நீங்க கும்பிடுவீங்களா?

வந்தவர்: நான் கும்பிடுவேன். அது வேற. அவருக்கு வேணாம்னா வேணாம்தான். இன்னைக்கே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கறேன்.

நர்ஸ்: தூரத்துச் சொந்தத்துக்கே இவ்வளவு அக்கறையா! இந்தாங்க பேனா. ஆனா ஒண்ணு... அந்த ‘இல்லை’யைப் பார்த்துட்டு ரெண்டு வருஷமா நாங்க யாரையும் அவர்கிட்ட அனுப்பல சார். சாமி வேணாம்னா துணையும் வேணாம்னு நினைச்சிட்டோம். எங்க மடத்தனம்.

வந்தவர்: ரெண்டு வருஷமா தனியாவா?

நர்ஸ்: மருந்தைத் துப்புவார். என்னை ‘வெள்ளைப் பேய்’னு திட்டுவார். இந்தம்மாதான், “சாமிக் கதை பேச வரல ஐயா, மனசுல என்ன கனக்குது?”ன்னு போய் உக்காந்தாங்க. பதினோரு நாள் அவர் வாயே திறக்கல. இவங்களும் திறக்கல! என்னால பதினோரு நிமிஷம் முடியாது.

வந்தவர்: அது தெரியுது.

நர்ஸ்: கிண்டலு! ...பன்னெண்டாம் நாள் அழுதுட்டார்.

வந்தவர்: அவரா?

நர்ஸ்: மகனை நினைச்சு. சாமி கும்பிட்டான்னு வீட்டை விட்டுத் துரத்தினாராம். ஒம்பது வருஷமாச்சு. மன்னிப்புக் கேக்கணும், ஆனா வாய் வரலையாம். அதைத்தான் உள்ள பழகுறாங்க. அந்தம்மா மகனா எதிர்ல உக்காருவாங்க. இவர் “தப்பு என் மேலதான்டா”ன்னு ஆரம்பிப்பார்...

வந்தவர்: ஆரம்பிச்சு?

நர்ஸ்: பாதியிலயே கோவம் வந்து திட்டித் தீர்த்துடுவார். அந்தம்மா அத்தனையும் வாங்கிக்கிட்டு, “சரி ஐயா, நாளைக்குப் பார்ப்போம்”பாங்க. முகம் சுளிச்சதே இல்ல. கையெடுத்துக் கும்பிடணும் சார் அந்த மனுஷிய! நேத்துதான் முழுசா சொல்லி முடிச்சார்... என்ன, எழுதலையா?

வந்தவர்: பேனா... எழுத மாட்டேங்குது.

நர்ஸ்: மூடியைக் கழட்டினா எழுதும்.

வந்தவர்: சிஸ்டர்... ஞாயித்துக்கிழமை தவறாம வந்து, அவர் துணிய உங்ககிட்டயே கொடுத்துட்டுப் போறேனே... என்னைப் பார்த்தா அவருக்குப் பழைய கோவம் வந்துடுமோன்னுதான்... உங்க நோட்டுல தூரத்துச் சொந்தம்னு எழுதினது பொய். அந்த மகன்...

நர்ஸ்: தெரியும் சார், முதல் நாளே தெரியும். அந்த மூக்கு ஒண்ணு போதாதா! அவர் சொல்லி முடிக்கற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அந்தம்மா உத்தரவு. இன்னைக்கு நீங்க கீழ வண்டிய நிறுத்தும்போதே அவங்க, ஐயாவுக்கு எதிர்ல மகனா உக்கார்ற அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாங்க. போய் உக்காருங்க.