வெள்ளைக்காரி வேசம்

– ஏ மாதாவே! தலையில சுத்துன துண்ட முழுசா எடு ஏளா, பாப்போம். வேரு வெள்ளை, நடுவுல செங்கல் கலரு, நுனி கருப்பு. இது ஒரு தலையா, மூணு தலையா?

– கத்தாதிய கிளாடிசக்கா. வெளிய ஆளு இருக்கு.

– கத்தாம என்ன செய்ய? இருவது வருசமா முத்தையாபுரத்துல பார்லர் வச்சிருக்கேன். இப்படி ஒரு கொடுமை என் சேர்ல வந்து உக்காந்ததில்ல. எவ பண்ணுனா இத?

– நான்தான். வீட்டு பாத்ரூம்ல.

– பேரென்ன உனக்கு?

– சரண்யாதேவி. மூணு தெரு தள்ளித்தான் வீடு.

– எத்தன வால்யூம்ல பிளீச் கலக்குன, சரண்யாதேவி?

– நாப்பது.

– நாப்பதா! நானே இருவதத் தாண்ட பயப்படுதேன். எங்கன தொடங்குன?

– உச்சியில. வேர்லேர்ந்து கீழ இழுத்தேன்.

– அதான் கெட்டுது! தலைச்சூட்டுக்கு வேரு சீக்கிரம் வெளுத்துரும். அதக் கடைசியிலதான் தொடணும். நுனியில ஏற்கெனவே ஏதும் போட்டிருந்தியா?

– கருப்பு மெகந்தி. சித்தி மக கல்யாணத்துக்கு.

– அந்தச் சாயம் லேசுல விடுமா? இங்கன பாரு, இழுத்தா ரப்பர் மாதிரி வருது. இடுப்பு வரைக்கும் கெடக்க முடிய இப்படிப் பொசுக்கிட்டியே, வயிறு எரியுதுளா! எதுக்கு இந்த வேலை உனக்கு?

– நேர்ச்சைக்கா. குலசை முத்தாரம்மனுக்கு வேசம் போடுதேன். நாளைக்குக் காலையில எங்க தசரா செட்டு வண்டி கெளம்புது.

– என்ன வேசம்?

– வெள்ளைக்காரி.

– அதுக்குத்தான் டோப்பா இருக்கே! அத மாட்டிட்டுப் போறத விட்டுட்டு...

– மாட்ட மாட்டேன். எங்கண்ணன் தோணியில சரக்கு ஏத்தயில மூட்டை சரிஞ்சு, பத்தொம்பது நாளு நெனவில்லாம கெடந்தான். அவன் கண்ணு முழிச்சா வேசம் கட்டுதேன்னு முத்தாரம்மன்ட்ட அழுதேன். முழிச்சிட்டான். அப்புறம் கனவுல அம்மன் வந்து நின்னா, கவுனு போட்டு, மஞ்ச முடியோட. கனவுல காட்டுன வேசத்தத்தான் கட்டணும். எங்கண்ணன் உசிரு நெசமா வந்திருக்கு. எம்முடி மட்டும் பொய்யா இருக்கணுமா?

– சரி சரி, அழாத. நானும் மாதாவுக்கு நேந்து, வெறுங்காலோட நடந்தவதான். நேர்ச்சைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். வேரத் தொட மாட்டேன். அந்தச் செங்கல் பட்டையில மட்டும் இருவதுல லேசாத் தடவுதேன். பொறவு டோனர். நீலம் செம்மைய அமுக்கும், ஊதா மஞ்சள அமுக்கும். நுனிய வெட்டணும், வேற வழியில்ல. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுபோல ஆக்கிருதேன்.

– முழுசா ஒண்ணுபோல வந்துருமா?

– வெயில்ல உத்துப் பாத்தா லேசாத் தெரியும். உன்னைய யாரு உத்துப் பாக்கப் போறா? ஆனா எனக்கு மனசே ஆறல ஏளா. மூணு தெரு தள்ளி நான் இருக்கேன். கைய வைக்கதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?

– கேக்க மனசு வரல.

– ஏன்? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

– ஒரு ஆளு கேலி பண்ணிட்டு. என் நிறத்துக்கு வெள்ளைக்காரி எடுக்காதாம். பேசாம காளி வேசம் போடு, மூஞ்சிக்குச் சாயமே வேண்டாம்னு. சுத்தி இருந்தவ எல்லாம் சிரிச்சா. அந்த ஆத்திரத்துலதான், நானே பண்ணிக் காட்டுதேன்னு கதவப் பூட்டிக்கிட்டு உக்காந்தேன்.

– எவ அவ? சாமி காரியத்தப் போயி கேலி பண்ணுவாளா? நிறத்தச் சொல்லி ஒரு புள்ளைய அழ வச்சவ நல்லா இருப்பாளா? இவளுக்கெல்லாம் எங்கன இருந்துளா இந்த வாய் வருது? பேரச் சொல்லு. அவ வீட்டு வாசல்லயே நின்னு, நாலு பேரு பாக்க, நாக்கப் பிடுங்குறாப்ல கேக்கேன்!

– விடுங்கக்கா. முதல்ல முடியப் பாருங்க.

– அதெப்படி விட? சொல்லுளா. யாருக்கு நீ பயப்படுத? நான் இருக்கேன்லா உனக்கு?

– போன மாசம் இதே சேர்ல புருவம் எடுக்க உக்காந்திருந்தேன். வெள்ளைக்காரி வேசத்துக்கு முடி வெளுக்க எவ்வளவு நேரம் ஆகும்னுதான் கேட்டேன். நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டே நீங்கதான்க்கா அதச் சொன்னிய.