முள் சொல்லாதது

— வாயில இருக்கிற ரத்தத்தைத் துப்பிட்டுப் பேசு, மாப்பிள்ளை. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. லீவு நாளு, கேஸ் நிரப்புற ஷெட்டுக்கு ஒரு ஈ காக்கா வராது.

— கையைக் கட்டிப்போட்டு அடிக்கிறதெல்லாம் ஒரு வீரமா, மச்சான்? அவுத்து விட்டுட்டு அடிங்க பாப்போம்.

— என் தங்கச்சியை நீ அடிச்சப்போ அவ கை சும்மாவா இருந்துச்சு? இடுப்புல குழந்தையை வச்சிருந்தா. இன்னைக்கு அவளுக்கு இடது காது கேக்கல. சரி, அந்தக் கணக்கை அப்புறம் பாத்துக்கலாம். இப்போ ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பாப்பாவை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?

— என் பொண்ணு. எங்க வேணா வச்சிருப்பேன். நீங்க யாரு கேக்க?

— நான் யாருன்னா கேக்குறே? இந்தா, வாங்கிக்கோ.

— ஐயோ... அம்மா... ஸ்பேனரைக் கீழ போடுங்க மச்சான். விரலு போச்சு.

— இன்னும் ஒன்பது மிச்சமிருக்கு. ஆனா எனக்குக் கை வலிக்குது. அதான் மிச்ச வேலையைத் தண்ணிகிட்ட விட்டுட்டேன். மெதுவாத் திரும்பிப் பாரு.

— கசிவு பாக்குற தொட்டிதானே? அதுக்குள்ள சிலிண்டரை எதுக்கு இறக்கி வச்சிருக்கீங்க? என்ன ஒயரு அது... ஹீட்டரா?

— ஹீட்டர்தான். நீ மயக்கம் தெளியறதுக்கு முன்னாடியே போட்டாச்சு. சிலிண்டர் மேல மாட்டியிருக்கிற பிரஷர் மீட்டர் முள்ளு தெரியுதா? உன் மூஞ்சிக்கு நேராத்தான் திருப்பி வச்சிருக்கேன்.

— பைத்தியமா உங்களுக்கு? வெடிச்சா நீங்களும்தான் சாவீங்க.

— அதுக்குத்தான் காலையிலேயே குளிச்சு சவரம் பண்ணிட்டு வந்தேன். போற இடத்துல மரியாதையா இருக்கணும்ல?

— மிரட்டாதீங்க மச்சான். நானும் உங்ககூடவும் உங்க தங்கச்சிகூடவும் இதே ஷெட்டுல நின்னு நிரப்பினவன்தான். முள்ளு சும்மா மெதுவா ஏறுது. கீழ திரவம், மேல காலி இடத்துல ஆவி. அளவா இடம் விட்டு நிரப்பின சிலிண்டரு இந்த வெதுவெதுப்புக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது.

— அளவா நிரப்பியிருந்தா ஆகாது. நிரப்பியிருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— முள்ளைப் பாத்தாலே தெரியுமே.

— தெரியாது மாப்பிள்ளை. கால் சிலிண்டர் இருந்தாலும் முள்ளு அங்கதான் நிக்கும், முக்கால் சிலிண்டர் இருந்தாலும் அங்கதான் நிக்கும். சூட்டுக்கு ஏத்தாப்புல ஆவி எவ்வளவு அமுக்குதுன்னு சொல்லும். எவ்வளவு இருக்குன்னு மட்டும் வாயே திறக்காது. உன்னை மாதிரி அழுத்தம்.

— அப்போ தராசுல ஏத்துங்க. எடை பாத்துச் சொல்றேன்.

— ஏத்த மாட்டேன். வேணும்னே கூடுதலா நிரப்பினது அது. கேட்டுக்கோ. சூடேற ஏறத் திரவம் பெருகும், மேல இருக்கிற இடம் சுருங்கும். அந்த இடம் இருக்கிற வரைக்கும் முள்ளு நடக்கும். இடம் தீர்ந்து திரவம் போய் இரும்பை முட்டுச்சுன்னு வை, அப்புறம் நடக்காது. ஒரே பாய்ச்சல்தான். திரவத்தை அமுக்க முடியாதுன்னு உனக்கே தெரியும். இரும்புதான் கிழியணும்.

— மச்சான், விளையாடாதீங்க.

— நான் தெருக்கோடி வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சுட்டு வரேன். நீ முள்ளுகூடப் பேசிட்டு இரு.

— மச்சான். மச்சான், போகாதீங்க. சொல்லிடுறேன். எங்க அக்கா வீட்டுல இருக்கா. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, இஸ்திரிக் கடை மாடி. சத்தியமா அங்கதான் இருக்கா.

— இரு, போன் போடுறேன். ...ஹலோ, உங்க தம்பி பக்கத்துலதான் இருக்கான், பாப்பாகிட்ட குடுங்க. ...யாரு, செல்லமா? மாமா பேசுறேன்டா. அழாதே. அம்மா இப்போ வந்து கூட்டிட்டுப் போயிடுவா. ம்ம், பொம்மையும் எடுத்துட்டு வரச் சொல்றேன். வச்சிடு.

— ஹீட்டரை நிறுத்துங்க மச்சான், உங்க காலைப் பிடிக்கிறேன்.

— நிறுத்தியாச்சு. இப்போ ஒரு விஷயம் சொல்றேன், திட்டாதே. கூடுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்த ஷெட்டுல நிக்குறது எல்லாமே அளவா நிரப்பினதுதான். தண்ணியும் கை பொறுக்கிற சூடுதான். உன் பயத்தைத்தான் கொதிக்க வச்சேன்.

— பாவி. விரலை உடைச்சதுக்கு நேரா போலீசுக்குத்தான் போவேன்.

— தாராளமாப் போ. என் தங்கச்சி காதைப் பத்தியும் மறக்காமச் சொல்லு. அசையாம இரு, முடிச்சு இறுகிக் கிடக்கு, அவுத்து விடுறேன்.

— அண்ணே.

— வா தங்கச்சி. வலது பக்கமா வந்து நில்லு, இந்தக் காதுல சொல்றேன். பாப்பா இருக்கிற இடம் தெரிஞ்சுடுச்சு.

— கேட்டுச்சு. வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். தொட்டியில இருக்கிறது எந்த சிலிண்டரு?

— மூலையில தனியா ஒண்ணு நின்னுச்சே, அது. கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு, எடுத்துட்டேன். ஏன் கேக்குறே?

— மச்சான், ஹீட்டரை நிறுத்தியும் தண்ணிச் சூடு உள்ள இறங்கிட்டேதான் இருக்கு, முள்ளு ஏறுது. குதிக்குது. சீக்கிரம் அவுத்து விடுங்க மச்சான், கும்பிடுறேன்.

— முடிச்சுல இருந்து கையை எடு அண்ணே. அது இவரு வீட்டு அடுப்புக்குன்னு ஒரு விரக்கடை இடம் மட்டும் விட்டு நான் நிரப்பி வச்சது. இவரு இங்கேயே இருக்கட்டும், நீ வெளிய வா.