விடு என்றால் எதை விட?

ஒரு கால் ஆடுகிற நாற்காலியிலும் ஆடாமல் அமர்ந்து தலைமை தாங்கும் மன்றத் தலைவர் அவர்களே! மகள்களின் காலுறையைத் துவைத்துத் துவைத்துக் கை சிவந்த தாய்மார்களே! மனைவியின் ஆட்டத்தைப் பார்க்க வந்து, பந்து பொறுக்கிப் போடும் கணவன்மார்களே! முழங்கால் தேய்ந்த பெரியவர்களே! தோற்றாலும் தலைகுனியாத எங்கள் பெண்கள் கால்பந்து அணியே! தொண்டையே கருவியாக, கத்தலே கல்வியாகக் கொண்ட பயிற்சியாளர் அவர்களே! மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் கிழவனின் வணக்கம்.

பயிற்சியாளரைப் பாராட்டிப் பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பாராட்டுகிறேன். என்ன குரல்! என்ன குரல்! இவர் வாயைத் திறந்தால் காகங்களெல்லாம் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய்விடுகின்றன. இவருக்கு எதற்கு ஒலிபெருக்கி? ஒலிபெருக்கிக்குத்தான் இவர் வேண்டும்! கைதட்டாதீர்கள், நிஜமான பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்.

ஒன்று கேட்கிறேன். குரல் போய்ச் சேர்ந்தது, சொல் போய்ச் சேர்ந்ததா? காது நிறைந்தது, கருத்து நிறைந்ததா?

மூன்று வாரத்துக்கு முந்தைய ஆட்டம் நினைவிருக்கிறதா? ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டே நிமிடம். நம் கோலை நோக்கிப் பந்து உருண்டு வருகிறது. முன்னே நிற்பவள் சலவைக்கடையில் இஸ்திரி போடும் நம் பெண். அவளைத் தாண்டி ஒரு பந்தும் போகாது என்று நீங்களே ‘கதவு’ என்று பெயர் வைத்தவள். அவளுக்குப் பின்னே கோல்கீப்பர், நம் நர்சம்மா. எல்லைக்கோட்டில் பயிற்சியாளர் குதிக்கிறார்: “விடு! விடு! விடு!”

கதவு என்ன நினைத்தாள்? ‘கீப்பருக்கு விடச் சொல்றார்’ என்று விலகி நின்றாள். நர்சம்மா என்ன நினைத்தார்? ‘பந்தை அடிச்சு விடச் சொல்றார் அவளை’ என்று காத்து நின்றார். பந்து என்ன நினைத்தது? இரண்டு பேரும் மரியாதையாக வழிவிடுகிறார்களே என்று நேராக வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

விடு. இரண்டே எழுத்து. போன வருடம்தான் எழுதக் கற்றேன் நான். அந்த இரண்டெழுத்தை எழுதும்போதே எதை, யாருக்கு என்று என் பேனா நின்று யோசிக்கிறது. இருபது வருடம் பயிற்சி கொடுத்த வாய் யோசிக்க வேண்டாமா? ஆட்டத்தின் நடுவே ஒற்றைச் சொல்தான் சொல்ல முடியும், ஒப்புக்கொள்கிறேன். அதன் பொருளை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டாமா?

அதோடு விட்டாரா? எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார். “கதவாம் கதவு! தாழ்ப்பாள் இல்லாத கதவு! இஸ்திரி போட்டுப் போட்டு உன் மூளையும் தட்டையாயிடுச்சா?”

அவள் அணிச் சட்டையை மாற்றி, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துப் பெஞ்சில் வைத்தாள். “வரேன் சார்” என்றாள். போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. புள்ளிகளின் புண்ணியத்தில் நாம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், கதவு இல்லாத வீடாக நிற்கிறோம். தலைவர் கவலைப்பட்டு விசாரித்தார். பயிற்சியாளர் சொன்ன பதிலை நானே கேட்டேன்: “வருவா சார். ‘வரேன்’னு சொல்லிட்டுத்தானே போனா!”

ஐயா! வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு ‘வரேன்’ என்பவர் வருகிறாரா, போகிறாரா? பேசத்தான் தெரியாது என்று நினைத்தேன். கேட்கவும் தெரியவில்லையே! இவ்வளவு சின்னக் காதுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாய்?

என்ன பயிற்சியாளர் சார், கையைக் காட்டுகிறீர்கள்? “விடுங்க பெரியவரே” என்கிறீர்களா? பார்த்தீர்களா, அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள்! இது மட்டும் தெளிவாகப் புரிகிறது. ஆனால் விடமாட்டேன்.

அதோ, மன்றத்தின் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறாள் கதவு. அவளிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கத்தாமல். கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விடுங்கள்.

எழுந்துவிட்டார்! மைக் வேண்டாம் சார், கிட்டப் போய்ப் பேசுங்கள். பின்வரிசைக்காரர்களே, என்ன சொல்கிறார்?

“‘அன்னைக்கு உனக்கு என்ன புரிஞ்சுது?’ன்னு கேக்குறார் தாத்தா!”

அவள்?

“‘கீப்பருக்கு விடச் சொன்னீங்கன்னு நினைச்சேன்’னு சொல்றா. ‘நான் சொன்னதுதாம்மா அரைகுறை. அப்புறம் திட்டினது அதைவிடத் தப்பு. ஆட வரியா?’ங்குறார். ‘வரேன் சார்’னுட்டா!”

கைதட்டாதீர்கள், பொறுங்கள்! மனிதர் இன்னும் நகரவில்லையே. இன்னும் என்ன கேட்கிறார்?

“‘எந்த வரேன்?’னு கேக்குறார்!”

ஆகா! இருபது வருடத்தில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி! பதில் எனக்கே கேட்கிறது, அவள் சத்தமாகத்தான் சொல்கிறாள்: “நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, இதே பூட்ஸோட வர்ற வரேன்!”

இப்போது தட்டுங்கள்!

திட்டாமல் கேட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம். நானும் வருகிறேன். என்னுடையது, மேடையை விட்டு இறங்கிப் போகிற வருகிறேன்.