டிவிடெண்டு உண்டுங்களா, அம்மணி

இல்லீங்க சார், உக்காந்துட்டுத்தான் இருக்கேன். சேரு தானாச் சுத்துது, நான் சுத்தல. சரி, நிறுத்தீட்டேன். ஆமாங்க, காலைல போன் பண்ணுனது நான்தான். நாமகிரிப்பேட்டை கோழிப்பண்ணை குணசீலன் பையன், தர்ஷன். ஷேரு பூராத்தையும் வித்துருங்க அம்மணின்னு எங்கப்பா கொரல்ல சொன்னதும் நானேதானுங்க. போலீசெல்லாம் எதுக்குங்க சார், மொதல்ல கேளுங்க. போன எடுத்த சத்யபிரியாக்கா முழிக்கிறதப் பாருங்க, பாவம்.

எனக்கு எல்லார் கொரலும் வருமுங்க. எங்க பிரின்சிபால் கொரல்ல மைக்குல லீவு உட்டேன், ஸ்கூல் பஸ்ஸு பசங்கள ஏத்திட்டு ஆண்டகளூர் கேட் வரைக்கும் போயிருச்சு. உங்க கொரல்கூட வரும். பண்ணட்டுங்களா? லாங் டெர்முங்க... லாங் டெர்ம். அவசரப்படப்படாதுங்க. பாத்தீங்களா, அக்கா சிரிச்சுப்போட்டாங்க. நீங்களுந்தான்.

வெளையாட்டு இல்லீங்க, நெசமாலுமே விக்கத்தான் வந்தேன். அந்தப் பம்பு கம்பெனி ஷேரு ஒண்ணுதானுங்களே எங்கப்பா பேர்ல இருக்குது. நான் பொறந்த வருசம் பழைய டிராக்டர வித்துப்போட்டு வாங்குனது, இதே ஆபீஸ்லதான். இன்னவரைக்கும் ஒத்தப் பைசா டிவிடெண்டு தரலீங்க. லாபம் வந்தாப் புது ஷெட்டு போடறாங்க, மிசினு எறக்கறாங்க, நமக்கு ஒரு காயிதம் வருது. எங்க தமிழரசு மாமா வெச்சிருக்கற ஷேருக்கு வருசா வருசம் டிவிடெண்டு ஏறிருச்சுன்னு மெசேஜ் வரும். அந்த மெசேஜ அவரு ஊட்ல படிக்க மாட்டாரு. எங்கூட்டு வாசல்ல வண்டிய நிறுத்திப்போட்டு, கண்ணாடியத் தொடச்சு மாட்டிட்டுத்தான் படிப்பாரு.

அவரு போனதும் ஆரம்பிக்கும் பாருங்க. எங்கம்மா: ஏனுங்க, முட்டையே போடாத கோழிக்கு வருசம் வருசம் தீவனம் வேறயா? தீவனங்கறது நீங்க புடிக்கிறீங்களே அக்கவுண்டு காசு, அது. எங்கப்பா எலயில இருந்து தலையத் தூக்காம: அது முட்டக்கோழி இல்ல புள்ள, கறிக்கோழி. எட போட்டுட்டு இருக்குது. வெலைக்குப் போறன்னைக்குத்தான் காசு. எங்கம்மா உடுமுங்களா? கறிக்கோழின்னா நாப்பது நாள்ல வண்டியேறிருமே. உங்க கோழிக்கு நம்ம பையன் வயசாகுது, அதுக்குப் பொண்ணுதான் பாக்கோணும்.

அதுக்கும் எங்கப்பா சிரிப்பாரு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்துச்சுங்க. வருசத்துக்கு ஒருக்கா, அந்தக் கம்பெனி மீட்டிங்கு முடிஞ்ச மக்காநாளு, அக்காவுக்குப் போன் போட்டுச் செருமிட்டே கேப்பாரு. ம்ஹ்ம்... ஏனுங்க அம்மணி, நம்ம கம்பெனில டிவிடெண்டு உண்டுங்களா? அக்கா: இல்லீங்கண்ணா, இந்த வருசமும் தொழில்லயே போட்டுட்டாங்க. அப்படீங்களா, நல்லதுங்க அம்மணி, வெச்சர்றேன். அவ்வளவுதான். எங்கம்மா பக்கமே திரும்பாம அப்படியே பண்ணைக்குப் போயிருவாரு.

அவரே வரோணுங்கறீங்களா? வருவாருங்க. பேசறதுக்கு என்னத்தப் பேசுவாரு? சேலத்துல ஆப்பரேசனுங்க. தொண்டைல கட்டின்னு கொரல்வளையவே எடுத்துட்டாங்க. அய்யோ, எந்திரிக்காதீங்க சார், நல்லாத்தான் இருக்காரு. காப்பி குடிக்கிறாரு, கோழிக்குத் தண்ணி வெக்கலன்னு கண்ணாலயே திட்டறாரு. ஆஸ்பத்திரிக்குக் கட்டோணுமில்லீங்க, அதுக்குத்தான் விக்கறது. கறிக்கோழி வண்டியேறுதுன்னு அவரே சிலேட்டுல எழுதிக் காமிச்சாரு. எங்கம்மா அந்தச் சிலேட்ட வாங்கி முந்தானையில தொடச்சுக் குடுத்துச்சுங்க.

இந்தாங்க, அவரு கையெழுத்துப் போட்ட சீட்டு. இதே போதுமுங்கறீங்களா? அது எனக்கும் தெரியுமுங்க, ஆப்பரேசனுக்கு முன்னாடியே எங்கப்பா கேட்டு வெச்சிருந்தாரு.

அப்பறம் எதுக்குப் போன் பண்ணுனேங்கறீங்களா? அது... அந்தக் கொரலு அக்காகிட்டச் செல்லுதான்னு பாக்கத்தானுங்க. அக்காதான அதப் போன்லயே கேட்டவிங்க, மூஞ்சியப் பாத்துக் கேட்டவிங்க இல்லியே. ஏமாந்துட்டாங்கன்னா சரியா இருக்குதுன்னு அர்த்தம். ஆனா அக்கா எடுத்ததுமே, அண்ணா, கொரலு என்னமோ வேற மாதிரி இருக்குதுங்களேன்னு கேட்டுட்டாங்க. சப்புன்னு ஆயிருச்சுங்க.

ஊட்ல இப்ப நான்தானுங்க எங்கப்பாவுக்குப் பேசறது. அவரு எழுதுவாரு, நான் அவரு கொரல்ல படிப்பேன். தீவனக்காரர்கிட்ட, மாமாகிட்ட, எல்லாருகிட்டயும். வயித்தப் புடிச்சுட்டுச் சத்தமில்லாமச் சிரிப்பாரு. மொத வாரமெல்லாம் நான் பொறத்தால இருந்து அவரு கொரல்ல, ஏம்புள்ள, சாப்டியான்னு கூப்புட்டா, எங்கம்மா வெடுக்குனு திரும்பிப் பாத்துப்போட்டு அப்பறந்தான் கரண்டியத் தூக்கும். நேத்துக் கூப்புட்டேனுங்க. திரும்பவே இல்ல. பாத்திரம் கழுவிட்டே, சாப்டாச்சு போடான்னுச்சு.

சரிங்க சார், ஷேர வித்துப்போடுங்க, நல்ல வெலைன்னா சந்தோசம். அது கெடக்குட்டும். இந்த ஆபீசுக்குப் போன் போட்டா, இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறதுன்னு ஒரு பொம்பளப்புள்ள சொல்லுமில்லீங்க? எங்கப்பா பேசுனதெல்லாம் அப்ப உங்க கம்ப்யூட்டர்ல இருக்கோணுமே. எங்க யாரு போன்லயும் இல்லீங்க, அவரு வாட்சப்புல பேசுனதே இல்ல. எல்லாம் வேண்டாம். டிவிடெண்டு கேக்கறது ஒண்ணு போதும். குடுக்கக் கூடாதுன்னா பரவால்லீங்க, ஹெட்போன்ல ஒருக்காக் கேட்டுட்டுப் போயர்றேன். அந்தச் செருமலு ஏனுங்கவுக்கு முன்னாடி வருமா, அம்மணிக்கு முன்னாடி வருமான்னு எனக்கு மறந்துபோச்சு.