டார்ச் அக்கா விட்டுச் சென்ற இடைவெளி

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, மிஷன் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் செயலாளர் அவர்களே, அக்காவின் உடன்பிறந்தவர்களே, இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் சபையாரே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் என் அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்முடைய மிஷனெரி, நம்முடைய செவிலியர், நம்முடைய டார்ச் அக்கா இறந்துவிட்டார். பட்டப்பகலிலும் கைப்பையில் டார்ச் வைத்திருந்தவர்! கண்ணில் பட்டவரையெல்லாம் "ஆ காட்டு" என்று நிறுத்தித் தொண்டையைப் பார்த்தவர்! பிரசங்கத்துக்கு ஏறப்போன போதகர் ஐயாவையே படியில் மறித்து ஆ காட்டவைத்தவர்! கடல் கடந்து, பேருந்துகள் திரும்பிவிடும் இடத்துக்கும் அப்பால் போய், ஒரு பிரசவ விடுதியைத் தனியாளாக நடத்தியவர்.

நானும் ஒரு செவிலியர்தான். இங்கே அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் வேலை. சபையில் என் பொறுப்பு, அக்கா பேசி அனுப்பும் ஒலிப்பதிவை அறிவிப்புகளுக்குப் பிறகு அறிமுகம் செய்வது. அவர் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியில் விரிசல். ஜீப் ஓட்டுநரின் மனைவிக்கு இரட்டைப் பிள்ளைகள். வார்டின் திரைச்சீலையை ஆடு தின்றுவிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் பிறகு "என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். நாம் இங்கே "ஆமென்" என்போம். அவர் அங்கிருந்து "சரி" என்பார். என்றைக்கோ பதிவான குரலுக்குப் பதில் சொல்கிறோம் என்பதே நமக்கு மறந்துபோயிருந்தது.

அந்த இடைவெளிகளை வெட்டிவிட வேண்டும் என்று மைக் செட் அண்ணனுக்கு ஆசை. அக்கா விடுமுறைக்கு வந்தபோது கேட்டே விட்டார்.

"பாதி நேரம் சும்மாதான் ஓடுதுக்கா. வெட்டிடட்டுமா?"

"வெட்டிப் பாரு, உன் கையை வெட்டறேன். அது என் பங்கு இல்ல தம்பி, உங்க பங்கு."

சிரித்தோம். எதற்குத்தான் நாம் சிரிக்கவில்லை? ஒரு ஞாயிறு, அந்த இடைவெளியில் தையல்கார மாமா இருமினார். "மாமா, வெந்நி குடிங்க" என்றது ஒலிபெருக்கி. மாமா இருமாத ஞாயிறு ஏது என்று சிரித்தோம். இன்னொரு ஞாயிறு, பின்வரிசையில் ஒரு நாற்காலி சரிந்து விழுந்தது. "பாத்து, பாத்து. யாருக்கும் அடி படலயே?" என்றார் அக்கா. அது அவர் புதன்கிழமை பேசிய பதிவு. அன்று யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் காதோடு, "அவ கேக்கறப்ப நீ வாயத் திறக்காதடி. அவ நிஜமாவே எடுத்துப்பா" என்றார்.

அக்காவிடமே ஒருமுறை கேட்டேன், இங்கே நடப்பது அவருக்கு எப்படித் தெரிகிறது என்று.

"நம்ம சபை இருக்கற பக்கமாத் திரும்பி உக்காந்துதான் பேசுவேன். யாராவது பதில் சொல்ற வரைக்கும் எனக்கு அடுத்த வார்த்தை வராதுடி."

"விளையாடாதீங்கக்கா."

"ஆ காட்டு" என்றார், டார்ச்சை எடுத்துக்கொண்டே.

கடைசிப் பதிவை நாம் எல்லாரும் கேட்டோம். குரல் மெலிந்திருந்தது. "காய்ச்சல்தான், பயப்படாதீங்க" என்றார். பிறகு, "இந்தப் பிரசவ விடுதியைப் பூட்டக் கூடாது. எனக்கு அப்புறம் இங்க யாரு வர்றீங்க?" என்று கேட்டார்.

இடைவெளி.

குடை தொலைந்துபோன அறிவிப்புக்கும் ஆமென் சொல்லும் தையல்கார மாமா வாய் திறக்கவில்லை. இருமக்கூட இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அது நம் கூரையில் சுற்றியதா, அவர் அறையில் சுற்றியதா? அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். என் உதடு அசையவில்லை. அதற்கு அம்மாதான் சாட்சி. ஆனால் உள்ளே ஒரு சொல் எழுந்தது. அதை நான் தடுக்கவில்லை.

ஒலிபெருக்கியில் அக்கா மூச்சை இழுத்துவிட்டார். "நீயா?" என்றார். "சரி, வா. அம்மாகிட்ட சொல்லிட்டு வா."

அதன் பிறகு அக்காவின் காய்ச்சல் தணிய ஜெபித்தோம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் போதகர் ஐயாவுக்குத் தொலைபேசி வந்தது. அந்தப் பதிவைப் பேசி அனுப்பிய அன்றே அவர் இறந்துவிட்டார், அங்குள்ளவர்களே அடக்கமும் செய்துவிட்டார்கள் என்று. சபையாரே, நாம் யாருடைய காய்ச்சலுக்காக ஜெபித்தோம்? அவர் யாரைப் பார்த்து "நீயா" என்றார்? அன்றிலிருந்து ஒருவரையொருவர் "நீயா சொன்னே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

செயலாளர் அவர்கள் இன்னொரு செய்தியும் கொண்டுவந்திருக்கிறார். ஒரு செவிலியர் கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு விடுதியைப் பூட்டிவிடுவார்களாம். ஆனால் கர்ப்பிணிகள் இன்னும் வந்து வராந்தாவில் உட்காருகிறார்களாம். போகச் சொன்னால், "அவர் உள்ளேதான் இருக்கிறார், டார்ச் வெளிச்சம் தெரிகிறதே" என்கிறார்களாம்.

அந்த வெளிச்சத்தை நான் நம்புகிறேனா? எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். வெளிச்சத்தால் ஒரு பிள்ளையைக் கையில் ஏந்த முடியாது. அதற்குக் கை வேண்டும்.

மைக் செட் அண்ணன் நேற்று என்னைத் தனியே அழைத்தார். "'சொல்லிட்டு வா'ன்னதோட பதிவு முடியல தங்கச்சி. நாமதான் அன்னிக்கு நிறுத்திட்டோம். அதுக்கப்புறமும் அக்கா பேசாம காத்துக்கிட்டே இருக்காங்க. மூச்சு மட்டும் கேக்குது" என்றார்.

அந்தப் பகுதியை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். டார்ச் அக்காவே, நீங்கள் ஏற்றுக்கொண்ட வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். இந்தச் சபை உங்களைத் தாங்கியதுபோல என்னையும் தாங்கட்டும். நானும் பேசி அனுப்புவேன். என் இடைவெளிகளையும் யாரும் வெட்ட வேண்டாம்.

அண்ணா, போடுங்கள்.

அம்மா, இன்று நான் மைக்கின் முன்னால் நிற்கிறேன். உங்கள் கை இங்கே எட்டாது. அக்கா காத்துக்கொண்டிருக்கிறார், மூச்சு கேட்கிறதா?

அம்மா, போயிட்டு வர்றேன்.