கேலிச் சொந்தம்

இல்ல வக்கீலம்மா, எங்க ரேடியோவுல முன்னாடி இருந்த சிரேலி சொல்ற கதைய நானே பல வருசமா முழுசா நம்பல. ஆனா நாளைக்குக் கோர்ட்டுல நான் பிடிச்சுக்கறதுக்கு வேற கொம்பு ஏது?

எங்க தீவும் மந்திரி லிவாய் தீவும் தௌவு, கேலிச் சொந்தம். ரெண்டுக்கும் ஒரே குலசாமி. என்ன வேணா கேலி பண்ணலாம், கோவிச்சுக்கத்தான் கூடாது. போன கல்யாணத்துல அவரே சொன்னாரு, ரேடியோவுல மூஞ்சி தெரியாதுங்கறதாலதான்டா உனக்கு வேல குடுத்தாங்கன்னு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அப்புறந்தான் புயல். ஒரு வாரம் கழிச்சு, காலையில மைக்குல சொன்னேன், அடுத்த தடவ லிவாய் வந்து நின்னாப் போதும், அவரு வயித்துக்குப் பின்னாடி எங்க ஊரே ஒண்டிக்கும்னு. அதோட விட்டிருக்கலாம். நிவாரண அரிசியத் தேடாதீங்க, அதுவும் அந்த வயித்துக்குள்ளதான்னுட்டேன். அவரு கேஸ் போட்டுட்டாரு.

ஆமாமா, வயிறு கேலி, அரிசி குற்றச்சாட்டு. சட்டம் அங்கதான் கோடு போடுது, புரியுது. கேலிக்குச் சொன்னேனா, நெசமாவே சொன்னேனா? எனக்கே தெரியல. அரிசி வரலங்கறது மட்டும் நெசம்.

பேனா அங்கயே இருக்கட்டும். மன்னிப்புல கையெழுத்துப் போட்டா வழக்கு வாபஸ், இல்லன்னா ஜெயில். சரி. ஆனா தௌவுக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டா, நீ யாரோ நான் யாரோன்னு ஆயிடும். என்னோட போகாதும்மா, எங்க தீவுக்கே அந்தச் சொந்தம் அத்துப்போகும்.

சிரேலி எனக்கு முன்னாடி அதே மைக்குல இருந்தவன். வேற தீவு, வேற தௌவு. அவனோட தௌவுக்கார போலீஸ் அதிகாரி ஒருத்தரக் கிண்டலடிச்சு மாட்டுனான். கூண்டுல ஏறுன அதிகாரிக்குச் சிரிப்பு வந்துருச்சு, நீதிபதி கேசத் தூக்கிப் போட்டுட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவான்.

போன மாசம் அவங்கம்மா சாவுக்குப் போனேன். தௌவுக்காரங்க வந்தா சாவு வீடு என்ன பாடு படும்? பானையத் தூக்குவாங்க, பன்னியப் பிடிச்சுட்டுப் போவாங்க, செத்தவங்களையே வம்புக்கு இழுப்பாங்க. அன்னிக்கி அந்த அதிகாரியோட தீவுலருந்து வந்தவங்க பாய் ஓரமா உக்காந்தாங்க. குடுத்ததச் சாப்பிட்டாங்க. போகும்போது சிரேலி கையப் பிடிச்சு, ரொம்ப மரியாதையா, துக்கம் விசாரிச்சுட்டுப் போனாங்க.

எல்லாரும் போனப்புறம் பக்கத்துல போய் உக்காந்து கேட்டேன்: சிரேலி, அன்னிக்கி அந்தாளு சிரிச்சாரா, இல்ல நீ மன்னிப்புக் கேட்டியா?